அவள் ஏன் காத்திருக்கவில்லை? ‘ஷெர்பூர் குடைகள்’ காட்டும் காதலும் கல்யாணமும்

1964 பிப்ரவரியில் பிரான்சில் வெளிவந்த ஒரு படத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் பெரும்பாலும் இரண்டு தீர்ப்புகளில் ஒன்று காதில் விழும். “அந்தப் பெண் ஏமாற்றிவிட்டாள்” என்பது ஒன்று. “பணம் காதலை ஜெயித்துவிட்டது” என்பது இன்னொன்று. நானும் முதல் தடவை பார்த்தபோது இரண்டாவதைத்தான் சொன்னேன். கதாநாயகியின் அம்மா மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். மறுபடி மறுபடி பார்த்தபோதுதான் இரண்டுமே படத்தில் இல்லை என்று புரிந்தது. படத்தில் இருப்பது ஒரு குறிப்பிட்ட வகைக் கல்யாணம். பிரெஞ்சுக்காரர்கள் அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்யாணம் எப்படி நடக்கிறது என்பதை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். படம் பார்க்காதவர்களும் படிக்கலாம். முடிவைச் சொல்லாமல் இதை விளக்க வழியில்லை, அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

கதை, சுருக்கமாக

படத்தின் பெயர் ‘லே பராப்ளுயீ த ஷெர்பூர்’. தமிழில் ‘ஷெர்பூர் குடைகள்’ என்று சொல்லலாம். இயக்கியவர் ழாக் தெமி, இசை மிஷெல் லெக்ரான். ஷெர்பூர், பிரான்சின் வடமேற்கே நார்மண்டிக் கரையில் இருக்கும் துறைமுக ஊர். அங்கே எமெரி அம்மாள் குடைக்கடை வைத்திருக்கிறார். அவருடைய பெண் ஜெனவியேவ். அந்த வேடத்தில் கத்ரீன் தெனவ். அவள் காதலிப்பது கீ என்ற மெக்கானிக்கை.

1957 நவம்பர். கீக்குக் கட்டாய ராணுவச் சேவைக்கு ஓலை வருகிறது. அல்ஜீரியாவுக்குப் போக வேண்டும், இரண்டு வருடம். புறப்படுவதற்கு முந்தைய இரவு இருவரும் ஒன்றாக இருக்கிறார்கள். அவன் போனபின் அவளுக்குத் தெரிகிறது, தான் கர்ப்பம் என்று. கடிதங்கள் அபூர்வமாகத்தான் வருகின்றன. ரோலான் கசார் என்ற வைர வியாபாரி அவளை விரும்புகிறார். வயிற்றில் குழந்தை இருப்பது தெரிந்தும் கட்டிக்கொள்ளத் தயாராக இருக்கிறார். அவள் சம்மதிக்கிறாள். 1959-ல் காலில் காயத்தோடு கீ திரும்பி வரும்போது குடைக்கடையே இல்லை. கொஞ்சகாலம் தடுமாறிவிட்டு மாத்லேன் என்ற பெண்ணை மணக்கிறான். 1963 டிசம்பரில், ஒரு பெட்ரோல் பங்க்கில், பழைய காதலர்கள் ஒரு சில நிமிடம் சந்திக்கிறார்கள்.

கதை அவ்வளவுதான். படத்துக்கு மூன்று பாகம்: புறப்பாடு, இல்லாமை, திரும்பி வருதல். நடுப்பாகத்தின் பெயரைக் கவனியுங்கள். ‘பிரிவு’ என்று அதை மொழிபெயர்த்தால் கொஞ்சம் பிசகும். பிரிவு ரயில்வே ஸ்டேஷனில் ஒரே ஒரு தடவை நடக்கிறது. இல்லாமை தினமும் நடக்கிறது. காலையில் எழுந்தால் இல்லை, தபால்காரர் வந்து போனபின்னும் இல்லை. அந்தப் பாகம்தான் முழுப் படத்துக்கும் சாவி.

பஸ் ஸ்டாப்பில் நிற்கிற ஆள்

ஓர் எளிய உதாரணம். சாயங்காலம், மழை இருட்டிக்கொண்டு வருகிறது. உங்களுக்குப் பிடித்த பஸ் ஒன்று உண்டு, அதில்தான் போகவேண்டும் என்று நிற்கிறீர்கள். ‘அரை மணியில் வரும்’ என்று யாராவது உறுதியாகச் சொல்லியிருந்தால் நனைந்துகொண்டே நிற்பீர்கள். ஆனால் யாருக்கும் தெரியவில்லை. வருமா என்பதே தெரியவில்லை. இடுப்பில் குழந்தை வேறு. அப்போது தெரிந்த ஒருவர் வண்டியை நிறுத்தி, “வாங்க, வீட்டில் விடுகிறேன்” என்கிறார்.

நீங்கள் ஏறினால், பஸ் மேல் இருந்த ஆசை பொய் என்று அர்த்தமா? இல்லை. வண்டியில் வந்தவர் உங்களை விலைக்கு வாங்கிவிட்டார் என்று அர்த்தமா? அதுவும் இல்லை. மூன்று விஷயங்கள் சேர்ந்து உங்களை ஏற வைத்தன. பஸ் எப்போது வரும் என்பது தெரியாது. உங்களுக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. நின்றுகொண்டே இருப்பதற்கும் ஒரு விலை உண்டு.

ஜெனவியேவுக்கு நடந்தது இதுதான். உதாரணத்தில் ஒரு குறை, ரோலான் வண்டி இல்லை, மனிதர். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த மூன்றையும் பார்த்துவிடலாம்.

தேதி இல்லாத காத்திருப்பு

அல்ஜீரியா அப்போது பிரான்சின் ஆட்சியில் இருந்தது. அங்கே விடுதலைப் போர் 1954 நவம்பரில் தொடங்கி 1962 வரை நடந்தது. பிரெஞ்சு இளைஞர்களுக்கு ராணுவச் சேவை கட்டாயம். சட்டத்தில் இருந்தது 18 மாதம். போர் காரணமாக அது 27, 28 மாதம் வரைகூட நீண்டது. அப்படிக் கட்டாயச் சேவையில் அல்ஜீரியா போனவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். கீ மாதிரி கராஜிலும் கடையிலும் வேலை பார்த்த சாதாரணப் பையன்கள்.

இன்னொன்று, அந்தக் காலத்தில் அரசாங்கம் அதைப் ‘போர்’ என்றே சொல்லவில்லை. ‘ஒழுங்கை நிலைநாட்டும் நடவடிக்கை’ என்றுதான் சொன்னது. ‘அல்ஜீரியப் போர்’ என்ற பெயரைப் பிரெஞ்சுச் சட்டம் ஏற்றுக்கொண்டது 1999-ல்தான். வீட்டில் காத்திருந்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். மகனோ காதலனோ போயிருப்பது போருக்கு. ஆனால் அதைப் போர் என்று சொல்லக்கூட அதிகாரப்பூர்வமாக ஒரு வார்த்தை இல்லை. இந்தப் படம் போர்க்களத்தை ஒரு காட்சியில்கூடக் காட்டுவதில்லை. கீயின் கடிதம் மட்டும் வருகிறது. அங்கே வெயிலும் சாவும் கைகோத்துத் திரிகின்றன என்கிற மாதிரி எழுதுகிறான். போரை ஷெர்பூர் அறிவது அந்தக் காகிதத்தின் வழியாகத்தான்.

கீயின் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு ஜெனவியேவ் ஒன்று சொல்வாள்: இதைப் பார்க்கப் பார்க்க அவனுடைய நிஜ முகம் மறந்துபோகிறது என்று. நினைவுக்காக வைத்திருக்கும் பொருளே நினைவைத் தின்கிறது. காதல் குறைந்துவிட்டது என்று அவள் சொல்லவில்லை. முகம் மங்குகிறது என்கிறாள். மனதில் துரோகம் இருப்பவள் இதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டாள்.

அவளுடைய நேரம், நிற்பதன் விலை

இரண்டாவது, வயிற்றில் வளரும் குழந்தை. அது யாருக்காகவும் காத்திருக்காது. மூன்றாவதைப் புரிந்துகொள்ள அன்றைய பிரெஞ்சுச் சட்டத்தை லேசாகப் பார்க்கவேண்டும். இங்கேதான் நாம் அதிகம் தவறு செய்கிறோம். இன்றைய பாரீஸை மனதில் வைத்துக்கொண்டு 1958-ன் ஷெர்பூரைப் பார்க்கிறோம்.

அன்று சட்டப்படி ஒருவர் பெரியவராவது 21 வயதில். அது 18 ஆனது 1974-ல். அதற்குக் கீழே இருப்பவர் கல்யாணம் செய்துகொள்ளப் பெற்றோர் சம்மதம் வேண்டும். அதாவது கீ புறப்படும் முன்பே அவசரமாகத் தாலி கட்டிவிட்டுப் போவது போன்ற வழி, அம்மா தலையாட்டாமல் அவளுக்குக் கிடையாது. எமெரி அம்மாள் தலையாட்டவில்லை. பையனுக்கு வயது போதாது, இன்னும் ராணுவச் சேவையே முடிக்கவில்லை என்பது அவர் வாதம்.

கருத்தடைக்கு வழி திறந்த சட்டம் வந்தது 1967-ல். கருக்கலைப்பு 1975 வரை குற்றம். கல்யாணம் ஆகாமல் பிறந்த குழந்தைக்கு மற்ற குழந்தைகளுக்குச் சமமான உரிமையை 1972-ல்தான் சட்டம் கொடுத்தது. கணவன் சம்மதம் இல்லாமல் மனைவி வேலைக்குப் போகவோ வங்கிக் கணக்குத் தொடங்கவோ முடிந்தது 1965-லிருந்துதான். வரிசையைப் பாருங்கள், எல்லாக் கதவும் அவளுக்குப் பிறகு திறந்தவை.

குடைக்கடையும் நஷ்டத்தில் ஓடுகிறது. கட்டவேண்டிய ஒரு பெருந்தொகைக்காக அம்மா தன் நகையை எடுத்துக்கொண்டு நகைக்கடைக்குப் போகிறார். கடைக்காரர் உடனே காசு கொடுக்க முன்வரவில்லை. அங்கே நின்றிருந்த ரோலான்தான் அதை வாங்கிக்கொள்கிறார். அவர்கள் வீட்டுக்குள் ரோலான் நுழையும் வழி அது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துக்கொள்வோம். எப்போது முடியும் என்று தெரியாத காத்திருப்பு, நிற்காமல் வளரும் குழந்தை, காத்திருப்பவள் மேல் ஏறிக்கொண்டே போகும் சுமை. இந்த மூன்றும் கூடும் இடத்தில் ஒரு பெண் எடுக்கும் முடிவுக்குத்தான் இனி பெயர் தேட வேண்டும்.

‘மரியாஜ் த ரெஸோன்’

‘மரியாஜ்’ என்றால் கல்யாணம். ‘ரெஸோன்’ என்றால் அறிவு, யோசனை, நியாயமான காரணம். மயக்கத்தில் செய்யாமல், தன் நிலைமையை ஆற அமர எண்ணிப் பார்த்து ஒருவர் செய்துகொள்ளும் கல்யாணம் இது. தமிழில் ‘யோசனைக் கல்யாணம்’ என்றே வைத்துக்கொள்கிறேன். இதற்கு எதிர்ப்பக்கம் இருப்பது காதல் கல்யாணம், பிரெஞ்சில் ‘மரியாஜ் தமூர்’.

இதை வேறு மூன்றோடு போட்டுக் குழப்புகிறார்கள். யோசனைக் கல்யாணம் கட்டாயக் கல்யாணம் இல்லை, ஏனென்றால் சம்மதம் சொல்வது அந்த ஆள்தான். பெயருக்குச் செய்யும் காகிதக் கல்யாணமும் இல்லை, ஏனென்றால் சேர்ந்து வாழும் எண்ணம் இருக்கிறது. அந்தஸ்துக்காகக் குடும்பங்கள் பேசி முடிக்கும் சம்பந்தமும் இல்லை. சம்பந்தத்தில் எண்ணிப் பார்ப்பது குடும்பம். இங்கே எண்ணிப் பார்ப்பது மணக்கப் போகிறவர்.

எமெரி அம்மாளுக்கு இந்தக் கல்யாணம் நடக்கவேண்டும் என்று ஆசை இருக்கிறது, அதை மறைக்க முடியாது. மகள் “அவன் இல்லாவிட்டால் செத்துவிடுவேன்” என்கிறபோது, சினிமாவில்தான் காதலுக்காகச் சாவார்கள் என்று பதில் சொல்கிற அம்மா அவர். அப்படியானால் அம்மா தள்ளித்தான் இது நடந்ததா? அதற்கு ஒரு காட்சியைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கவேண்டும்.

காகிதக் கிரீடம்

ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாளையொட்டி, பிரெஞ்சு வீடுகளில் ஒரு தட்டையான கேக் வெட்டுவார்கள். உள்ளே ஒரு சின்னப் பொருளை ஒளித்துச் சுட்டிருப்பார்கள். யார் துண்டில் அது வருகிறதோ அவர் தலையில் காகிதக் கிரீடம். அவர் தனக்கு ஒரு துணையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ரோலான் விருந்துக்கு வந்திருக்கிறார். மேசையில் மூன்றே பேர். ஜெனவியேவின் துண்டில் அந்தப் பொருள் வருகிறது. கிரீடம் தலைக்கு ஏறுகிறது. ராணி ராஜாவைத் தேர்ந்தெடுக்கவேண்டும். மேசையில் ஆண் ஒருவர்தான். “எனக்கு வேறு வழியில்லை, நீங்கள்தான் என் ராஜா” என்கிறாள். விளையாட்டாகத்தான் சொல்கிறாள். தங்க நிறக் காகிதம், வெளிறிய முகம், அதில் கொஞ்சம் களைப்பு. எதிரே ரோலான் அவளை அப்படியே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆன்ட்வெர்ப் நகரில் தான் பார்த்த, குழந்தையை ஏந்திய மரியாளின் உருவம் மாதிரி அவள் இருப்பதாகச் சொல்கிறார். அவள் கர்ப்பம் என்று அவருக்கு அப்போது தெரியாது. நமக்குத் தெரியும்.

‘வேறு வழியில்லை’ என்ற அந்தச் சொல்லோடு பலர் நின்றுவிடுகிறார்கள். படம் நிற்கவில்லை. ரோலான் தன் விருப்பத்தை முதலில் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பயணம் போகிறார். கர்ப்பத்தை மறைத்துவைத்து அவரைக் கட்டிக்கொள்ள ஜெனவியேவ் தயாராக இல்லை. என்னை இந்த நிலையில் பார்த்து வேண்டாமென்றால் அவருக்கு என் மேல் ஆழ்ந்த அன்பு இல்லை, ஏற்றுக்கொண்டால் நான் இனிமேல் தயங்க எனக்கு உரிமை இல்லை என்பது அவள் வைக்கும் பரீட்சை. அம்மா போட்ட கணக்கில் இந்த வரி கிடையாது. அவளே சேர்த்தது. ரோலான் பார்க்கிறார், குழந்தையைச் சேர்ந்து வளர்ப்போம், அது நம் குழந்தை என்கிறார்.

யோசனைக் கல்யாணம் என்ற சொல்லுக்கு முழு அர்த்தம் இங்கேதான் வருகிறது. வழிகள் குறைவு, உண்மை. இருக்கிற ஒன்றிரண்டு வழியில் எது நேர்மையானது என்று அவள் பார்க்கிறாள்.

ரோலானையும் மறந்துவிடக்கூடாது. அவர் ஏற்கெனவே ஒருத்தியை நேசித்து, அவள் திரும்ப நேசிக்காமல், மனம் கசந்து ஊர் ஊராகத் திரிந்தவர். அந்தப் பெண்ணின் பெயர் லோலா. அந்தக் கதையைத் தெமி 1961-ல் தனிப் படமாகவே எடுத்தார், இந்தப் படத்தில் ரோலானாக வரும் மார்க் மிஷெல்தான் அதிலும் ரோலான். ஆக அவரும் வெறுங்கையோடு வரவில்லை. ஒரு தோல்வியைச் சுமந்துகொண்டு வருகிறார். பஸ் ஸ்டாப் உதாரணம் இங்கே உடைகிறது என்று சொன்னேனே, இதனால்தான். வண்டியை நிறுத்தியவரும் ஒரு காலத்தில் வராத பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்.

எல்லாம் பாட்டாக இருப்பது ஏன்

இந்தப் படத்தில் பேச்சே கிடையாது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பாடுகிறார்கள். இதற்கு ‘ரெசிட்டாட்டிவ்’ என்று பெயர். பேசுவது போன்ற ஓட்டத்திலேயே வசனத்தைப் பாடுவது அது. நடிகர்களின் பாடும் குரல் வேறு பாடகர்களுடையது. தெனவுக்குப் பாடியவர் தனியேல் லிகாரி. தொடக்கத்தில் கராஜில் ஒரு தொழிலாளி, தனக்கு ஆப்பரா, அதாவது வசனத்தையெல்லாம் பாடியே நடிக்கும் மேடை நாடகம், பிடிக்காது, சினிமாதான் பிடிக்கும் என்று சொல்வார். அதையும் பாடித்தான் சொல்வார்.

‘காதல் படம், அதனால் பாட்டு’ என்று எடுத்துக்கொண்டால் பாதி போய்விடும். இங்கே கடன் பாக்கியும் பாட்டு, நகையின் விலையும் பாட்டு, பெட்ரோல் எந்த ரகம் வேண்டும் என்ற கேள்வியும் பாட்டு. “நீ இல்லாமல் என்னால் வாழ முடியாது” என்பதற்கு எவ்வளவு இசையோ, கிட்டத்தட்ட அவ்வளவு இசை கடைக்கணக்குக்கும் உண்டு. காதலை மேலே வைத்துக் கணக்கைக் கீழே வைக்க லெக்ரானின் இசை மறுக்கிறது. வாழ்க்கையில் இரண்டும் ஒரே வீட்டுக்குள், ஒரே மேசையில்தானே நடக்கின்றன. இந்தப் படத்தில் என்னை மிகவும் உலுக்கியது இதுதான். அழகான சுவர்த்தாள் ஒட்டிய அந்த அறைகளில் யாரும் வில்லனில்லை.

‘அவள் ஏமாற்றிவிட்டாள்’ என்ற குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. படத்தின் முக்கிய மெட்டு உலகம் முழுக்கப் பரவியது நார்மன் கிம்பல் எழுதிய ஆங்கில வரிகளோடு. அந்த வரிகள் ‘உனக்காகக் காத்திருப்பேன்’ என்று சத்தியம் செய்கின்றன. அதைக் கேட்டுவிட்டுப் படத்துக்கு வருபவருக்கு, சத்தியம் செய்தவள் மீறிவிட்டாள் என்று தோன்றத்தானே செய்யும்? பிரெஞ்சு மூலத்தில் பாட்டின் பல்லவி வேறு: நீ இல்லாமல் நான் ஒருநாளும் வாழமுடியாது, போகாதே. அது பயம். அந்தப் பயத்தைச் சத்தியமாக மாற்றிக் கேட்டால், நடுப்பாகம் முழுக்க அவளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடுவோம்.

இன்னொரு யோசனைக் கல்யாணம்

ஜெனவியேவைக் குறை சொல்கிறவர்கள் கீயின் கல்யாணத்தைக் கவனிப்பதே இல்லை. அதுவும் அதே வகைதான்.

திரும்பி வந்த கீ குடிக்கிறான், வேலையை விடுகிறான். அவனை வளர்த்த எலீஸ் அத்தை இறந்துபோகிறார். அத்தையை அத்தனை நாளும் கூட இருந்து பார்த்துக்கொண்டவள் மாத்லேன். அவள் அவனை வாய் திறக்காமல் நேசித்தவள். அத்தை விட்டுப்போன பணத்தில் பெட்ரோல் பங்க் வைக்கலாம் என்று கீ யோசிக்கிறான், அந்த யோசனையோடு சேர்ந்துதான் கல்யாணமும் வருகிறது. ஒரு காபிக்கடையில் மாத்லேன் நேருக்கு நேராகக் கேட்கிறாள்: இன்னும் ஜெனவியேவை நினைக்கிறாயா? விரக்தியில் என்னைக் கட்டிக்கொள்கிறாயோ என்று பயமாக இருக்கிறது. அவன் தன்னால் முடிந்த பதிலைச் சொல்கிறான், உன்னோடு சந்தோஷமாக இருக்க விரும்புகிறேன் என்று. ‘உன்னை மட்டுமே நேசித்தேன்’ என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

பாலில் உறை ஊற்றிய கையோடு தயிராகிவிட்டதா என்று கேட்க முடியாது. கலக்காமல் ஓர் இரவு வைக்கவேண்டும். கீயும் மாத்லேனும் மணப்பது 1959-ல். அடுத்த காட்சியில் வருடம் 1963. நடுவிலுள்ள நாலு வருடத்தைத் தெமி காட்டுவதே இல்லை. உறைந்ததா இல்லையா என்பதை நாம் கடைசிக் காட்சியில்தான் பார்க்கிறோம். ஜெனவியேவ், ரோலான் வீட்டுக்குள் அந்த நாலு வருடம் எப்படிப் போனது என்பதற்குப் படம் பதில் சொல்வதில்லை. நானும் ஊகிக்க விரும்பவில்லை.

பனி விழும் பெட்ரோல் பங்க்

தெமியின் அப்பா நாந்த் நகரில் கராஜ் வைத்திருந்தவர். அதனாலோ என்னவோ, அந்தக் கடைசிப் பெட்ரோல் பங்க் அத்தனை நிஜமாக இருக்கிறது. வெள்ளைக் கட்டடம், எஸ்ஸோ பலகை, கிறிஸ்துமஸ் இரவு, சுற்றிலும் பனி. மாத்லேன் பையனைக் கூட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போயிருக்கிறாள். கறுப்பு நிறக் கார் ஒன்று வந்து நிற்கிறது. விலை உயர்ந்த கோட்டோடு ஜெனவியேவ். பக்கத்தில் ஒரு சிறுமி.

குளிருக்கு உள்ளே வரச் சொல்கிறான். பேச அதிகம் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு இந்த ஊருக்கு இதுதான் முதல் தடவை என்கிறாள். அம்மா இறந்துவிட்டதைச் சொல்கிறாள். சூப்பரா, ஆர்டினரியா என்ற பெட்ரோல் கேள்வி நடுவில் வந்து போகிறது. வெளியே காரில் இருக்கும் பெண்ணின் பெயர் ஃபிரான்சுவாஸ். ஒரு காலத்தில் துறைமுகத்தோரம் நடந்தபோது, பெண் பிறந்தால் வைக்கலாம் என்று இருவரும் பேசிக்கொண்ட பெயர். கடைவீதிக்குப் போயிருக்கும் அவன் பையனின் பெயர் ஃபிரான்சுவா.

“உன் ஜாடை நிறைய இருக்கிறது. பார்க்கிறாயா?” என்று கேட்கிறாள். கீ வேண்டாமென்று தலையசைக்கிறான். நீ கிளம்பலாம் என்று நினைக்கிறேன் என்கிறான். கதவருகே போனவள் திரும்பி, நீ நன்றாக இருக்கிறாயா என்கிறாள். நன்றாகவே இருக்கிறேன் என்கிறான்.

கார் போகிறது. மாத்லேனும் பையனும் திரும்பி வருகிறார்கள். கீ அவளை முத்தமிட்டுவிட்டு மகனோடு பனியில் விளையாட ஆரம்பிக்கிறான். கேமரா மெல்ல மேலேறி விலகுகிறது.